மொட்டு உதிர்வதற்கான காரணங்கள்

1

காலையில் சத்தியதாஸ் எழுகிறான். வாசலில் கிடக்கும் பால் கவரை எடுக்கிறான். அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் பால் மட்டும் காய்ச்சுகிறான். மீதியைக் கவரோடு ரப்பர் பாண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறான். பல் தேய்க்கிறான். முன்னறைக்குப் போய் ஜன்னலைத் திறக்கிறான். ஜன்னல் படியில் ஒரு மண்தொட்டி. அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறான். காய்ந்திருந்தால் அரை டம்ளர் தண்ணீர். ஈரம் இருந்தால் இல்லை. தொட்டியைத் திருப்புவதில்லை, நகர்த்துவதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் மாடி ஆபீஸுக்கு நடக்கிறான். அங்கே கம்ப்யூட்டரில் பில் அடிப்பது வேலை.

இதில் கதை இல்லை. எழுதுகிறவனுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கதை பாளையத்தில் லைப்ரரியில் கிடைத்தது. வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம். பக்கங்கள் பழுத்து, அட்டை போனது. ஓர் அத்தியாயத்தின் கடைசியில், கட்டம் போட்டு, ஒரு சிறு தலைப்பு. அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தான்: மொட்டு உதிர்வதற்கான காரணங்கள். மேஜைக்கு எதிரே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்.

இதை எழுதுகிறவனும் சத்தியதாஸும் ஒரே ஆள். ‘நான்’ என்று தொடங்கிய தாளில் அந்தச் சொல்லுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. ‘அவன்’ என்று போட்டதும் பால் கவர் வந்தது, அடுப்பு வந்தது, டம்ளர் வந்தது. அதனால் அவன்.

2

தொடக்கங்கள். எழுதி, விட்டவை.

“ரெஷ்மா இல்லாத வீட்டில் அவள் நட்ட செடி மட்டும்—”

இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே போக இவனுக்கு இஷ்டமில்லை.

“அந்த ஜூன் மாதம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்—”

மழையை முதலில் கொண்டுவந்தால் பழி மழைமேல் போய்விடும். வேண்டாம்.

“கிறிஸ்துமஸ் காக்டஸ் பாலைவனத்துச் செடி அல்ல.”

இது நின்றுவிட்டது. யாரையும் அழவைக்காத வாக்கியம். இதிலிருந்து போகலாம்.

பாலைவனத்துச் செடி அல்ல. பிரேசில் நாட்டு மலைக்காட்டில், மரக்கிளை பிரியும் இடத்தில், மக்கிய இலையில் வேர்விட்டுத் தொங்குவது. பனி, தூவானம், நிழல், இதுதான் அதற்குப் பழக்கம். முள் கிடையாது. தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றன் நுனியில் ஒன்றாகக் கோத்து, நண்டுக்கால் மாதிரி வளைந்து கிடக்கும். இலை என்று நாம் நினைப்பது தண்டு. பூ, கடைசித் துண்டின் நுனியில் வரும். வந்தால்.

ஆனால் காக்டஸ் என்று ஒரு பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேரைக் கேட்டவர்கள் எல்லாம் அதை வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றாமல் விட்டார்கள். அவன் மனைவி ரெஷ்மாவும் அப்படித்தான் தொடங்கினாள். வித்துராவில் அவள் அம்மா தாசம்மாளின் வீட்டிலிருந்து ஒரு கொப்பு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இந்த வாடகை வீட்டு மொட்டைமாடியில் வைத்தாள். செடி செம்பு நிறமாகச் சுருங்கியது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி சரஸ்வதியம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு கடந்துபோனாள். ஒரு கை ஊற்றவில்லை.

“கள்ளிக்கு எதுக்கு தண்ணி? அது தானா கெடக்கும்” என்றாள்.

கிடக்கவில்லை. ரெஷ்மா அதை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து கோடவுன் சுவர் வெயிலை மறைத்தது. செடி பிழைத்தது, பச்சையானது, தொட்டியை மூடித் தொங்கியது. பூக்கவில்லை. ஒரு வருஷமும் பூக்கவில்லை.

3

ரெஷ்மா என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

எழுத எழுத அவள் நல்லவள் ஆகிக்கொண்டே வருகிறாள். செத்தவர்களை எழுதும்போது பேனா தானாக அந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு முழுப் பத்தியில் அவள் மெல்லச் சிரித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டாள். அந்தப் பத்தி போயிற்று. ரெஷ்மா மெல்லச் சிரித்தவள் அல்ல. சிரித்தால் மாடிக்குக் கேட்கும். பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். கோபம் வந்தால் இவனை நீங்க என்பாள், சமாதானமானால் நீரு என்பாள். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர், எல்லாவற்றையும் அந்தத் தொட்டியில் கொட்டினாள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளரவேண்டும் என்று தினமும் காலையில் தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தாள்.*

அவள் வெளிச்சத்துக்காரி. சாயங்காலம் ஆனதும் முன்னறையில் டியூப்லைட் எரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஆங்கிலம் படிப்பார்கள். அவர்கள் போனபின் டிவி. டிவி முடிந்ததும் அவள் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைப்பாள். படுக்கப்போகும்போதுகூட அந்த லைட்டை அணைக்கமாட்டாள். உள்ளே படுக்கும் இடத்தில் இருந்து கதவிடுக்கில் அந்தக் கோடு தெரியவேண்டும். கரண்ட் பில் வரும்போது சத்தியதாஸ் ஒரு பார்வை பார்ப்பான்.

“என்னத்துக்குப் பாக்கீரு? எனக்க டியூஷன் காசுல அடச்சோளும்” என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வித்துராவுக்குப் போனார்கள். பொன்முடி போகிற ரோட்டில், ஊர் தாண்டிச் சரிவில் வீடு. வராந்தாவில் தாசம்மாளின் செடி தொங்கியது. இலை தெரியாமல் பூ. ரோஸ் நிறம், ஒன்றுக்குள் ஒன்று சொருகின பாவாடை மாதிரி. தாசம்மாள் மகளுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டினாள்.

“பாத்தியாளா? ஒரே செடிக்க கொப்புதான். எனக்குப் பூக்குது, ஒனக்கு மாட்டேங்குது. அது கையில இருக்கணும் பிள்ள.”

“கையில ஒரு மண்ணும் இல்ல. இஞ்ச மலைக்காத்து. அங்க புழுக்கம்.”

“புழுக்கத்துலதான ஒனக்க வீட்டுக்காரி மல்லி பூத்துக் கொட்டுது?”

“அம்மைக்கு எது பூத்தாலும் அம்மைக்க சாமர்த்தியம். வாடிப்போனா மட்டும் மாமரத்துக்க நெழலு.”

தம்பி பிபின் கேக்கைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “சேச்சி ஒரு காரியம் செய்யி. சாலைக் கம்போளத்துல பிளாஸ்டிக் பூ கிட்டும். வாங்கி ஒட்டி வை. அம்மைக்குத் தெரியவா போகுது?”

“எனக்க கண்ணு நல்லாத்தாம்ல இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெஷ்மாவும். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவனைப் பார்க்காமல் சொன்னாள்: “வாற கிறிஸ்மஸுக்கு அதைப் பூக்க வச்சு, தொட்டியோட தூக்கிட்டு வந்து அம்மைக்க மொகத்துக்கு நேரா வைக்கல்லேண்ணா பாரும்.”

நீரு என்றாள். சமாதானமாக இருந்திருக்கிறாள்.

(இந்த இடத்தில் ஒரு குழந்தை பற்றி எழுத வசதி இருக்கிறது. கல்யாணமாகி நாலைந்து வருஷம், பூக்காத செடி, கையில் இருக்கவேண்டும் என்று சொல்லும் அம்மா. நீங்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள். இவன் அதை எழுதப்போவதில்லை. தாசம்மாள் செடியைத்தான் சொன்னாள்.)

* தொட்டியைத் திருப்புவது மொட்டு உதிர்வதற்கான காரணங்களில் முதலாவது. மொட்டே வராத செடியில் உதிர ஒன்றும் இல்லை. எனவே இந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

4

ஜூனில் தண்ணீர் ஏறியது. டியூஷன் பிள்ளைகளை ரெஷ்மா ஒவ்வொருவராகக் கைபிடித்துச் சந்து கடத்தி விட்டாள். காலில் செருப்புக் கடித்த புண் இருந்தது. பிறகு காய்ச்சல். கடையில் மாத்திரை. பிறகு கண் மஞ்சள். எலிப்பனி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தமிழில் எலிக்காய்ச்சல். எந்த மொழியில் சொன்னாலும்

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.

வித்துராவில் அடக்கம். கடைசி மூச்சில் ஆண்டவருடைய நாமத்தைச் சொல்லிப் போனாள் என்று ஜெபத்தில் சொன்னார்கள். தாசம்மாள் அப்படிச் சொல்லியிருந்தாள். தாசம்மாள் அப்போது அங்கே இல்லை, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். சத்தியதாஸ் திருத்தவில்லை. ஒரு தாய்க்கு அது வேண்டியிருந்தது. கூட்டத்துக்கும் வேண்டியிருந்தது.

ரெஷ்மா உண்மையில் கடைசியாகச் சொன்னது இவனுக்குத் தெரியும். அது இந்தக் கதையில் உண்டு. இங்கே இல்லை.

5

அதன்பின் சத்தியதாஸ் முன்னறையில் உட்காரவில்லை. காரணம் ஒன்றும் யோசித்துச் செய்ததல்ல. வேலையிலிருந்து வந்து நேராக அடுக்களைக்குப் போனான். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தான். டியூஷன் பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். டிவியின்மேல் ஒரு துண்டு கிடந்தது. டியூப்லைட்டின் ஸ்விட்சை யாரும் தொடவில்லை.

சரஸ்வதியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. படியிறங்கி வந்து நடையில் நின்றாள்.

“தாசே, சந்தி நேரத்துல முன்னறை இருட்டா கெடக்கப்படாது. நீங்க வேதக்காரங்கதான், விளக்கு வைக்கச் சொல்லலை. ஒரு பல்பாவது போடப்படாதா? வீடு என்னோடதாக்கும்.”

“போடுதேன்.”

“நேத்தும் போடுதேன்னுதான் சொன்னீர்.”

“ஆமா.”

அவள் மாடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு கிண்ணத்தில் அவியல் வைத்துவிட்டுப் போனாள். நல்ல அவியல்.

ஐப்பசியில் துலாமாத மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலையில் விரலை விடுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது. முட்டை ஓடு இல்லை, டீத்தூள் இல்லை. தொட்டியை அவன் திருப்பவில்லை. அன்பால் அல்ல, நினைவில்லை.

ஒரு நாள் காலையில் நுனித்துண்டுகளில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. பூச்சி என்று நினைத்தான். கிள்ளிப்போட விரலைக் கொண்டுபோனான். பூச்சி இல்லை. அரிசிமணி அளவு, கூராக, வரிசையாக. கொத்தமல்லி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்த சரஸ்வதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அய்யே. மொட்டில்லியா இது!” என்றாள். பிறகு கொத்தமல்லியை மார்போடு வைத்துக்கொண்டு, “பாவம், அந்தப் பொண்ணு” என்றாள்.

எது பாவம் என்று அவன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் லைப்ரரிக்குப் போனான்.

6

புத்தகம் சொன்னது:

இந்தச் செடி பகலைப் பார்ப்பதில்லை, இரவைப் பார்க்கிறது. இரவு போதுமான நீளம் இருந்தால் மொட்டு வைக்கும். சாயங்காலம் முதல் விடியும்வரை இருட்டு, நல்ல இருட்டு, தொடர்ந்து சில வாரம் வேண்டும். இடையில் அறையில் விளக்கு எரிந்தால் இரவு உடைந்துவிட்டதாகச் செடி எடுத்துக்கொள்ளும். மாலையில் மனிதர்கள் விளக்குப் போட்டு உட்காரும் அறையில் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் அட்டைப்பெட்டியால் மூடுங்கள்.

இதை எழுதியவர் ஏதோ குளிர்நாட்டு ஆள். நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு சத்தியதாஸ் புத்தகத்தை மூடினான். மறுபடி திறந்தான். அதே பத்திதான் இருந்தது.

ஆகவே கைராசி இல்லை. புழுக்கம் பாதிக் காரணம்கூட இல்லை. முன்னறையில் ஒரு பெண் லைட்டைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தாள். அதனால் பூக்கவில்லை. இப்போது இல்லை. அதனால் பூக்கிறது.

(இதைவிடக் கசப்பாக எழுதலாமா என்று முயன்றான். முடியவில்லை. செடி முந்திக்கொண்டது.)

ஓர் அட்டைப்பெட்டி. டிவி வந்த அட்டைப்பெட்டி பரணில் கிடந்தது, முழுசாக.

கட்டம் போட்ட பகுதியில் காரணங்கள் இருந்தன. தொட்டியைத் திருப்புதல். இடம் மாற்றுதல். நீர் மிகுதல், குறைதல். சூடான காற்று. வெளிச்சத்தில் திடீர் மாற்றம்.

7

டிசம்பர் பிறந்தது. தெருவில் ஸ்டார்கள் ஏறின. துக்கம் நடந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் தூக்குவதில்லை. கேரல் பாட வருகிறவர்களும் உள்ளே வந்து டிரம் அடிக்கமாட்டார்கள். கேட்டில் நின்று மெதுவாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். அதனால் முன்னறையின் இருட்டுக்கு இந்த மாதம் ஊரின் சம்மதமும் இருந்தது. மொட்டுகள் விரல்நுனி அளவுக்கு நீண்டு ரோஸ் காட்டின.

நேற்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, தாசம்மாளும் பிபினும் வந்தார்கள். பிபின் கையில் பழைய போர்வையில் சுற்றிய சதுரம். பிரித்தான். கல்யாணப் படத்திலிருந்து ரெஷ்மாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, லேமினேஷன் செய்து, சட்டம் போட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் பூவும் குட்டிப் பல்புகளும். கீழே நடுவில் ஒரு சிவப்பு சீரோ வாட் பல்பு.

“சைனா செட்டு அத்தான். ராப்பகல் கெடந்தாலும் பியூஸ் ஆகாது. கரண்டே எடுக்காது கேட்டியளா.”

சத்தியதாஸ் படத்தைப் பார்த்தான். அதில் ரெஷ்மா மெல்லச் சிரித்தாள். ஸ்டூடியோக்காரன் சொல்லிச் சிரித்தது.

தாசம்மாள் படத்தை விட்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள். கிட்டப் போனாள். புடவைத் தலைப்பு வாய்க்குப் போனது. மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“வந்துட்டா” என்றாள். “எனக்க மவ வந்துட்டாளே பிபினே. சொன்ன சொல்லு தவறாம வந்துட்டா.”

பின்பக்கத்து மொட்டுகளைப் பார்க்கத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். சத்தியதாஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“திருப்பாண்டாம்.”

கல்யாணமான நாள்முதல் அவன் மாமியாரைத் தொட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தாள். அவன் விட்டான்.

“திருப்புனா மொட்டு விழும் மாமி.”

“செரி. திருப்பல்ல.” வளையலைச் சரிசெய்துகொண்டாள். “கிறிஸ்மஸ் காலையில நான் வந்து எடுத்துட்டுப் போறேன். கல்லறையில வைக்கணும். அவ கொண்டு வாறேன்னு சொன்னது எனக்குத் தெரியும். பிபினுக்கிட்ட போன்ல சொல்லியிருக்கா. அவளுக்காவ நான் கொண்டு போறேன்.”

“பஸ்ஸுல போனா ஒண்ணும் மிஞ்சாது.”

“ஜீப்பு பிடிப்பேன்.”

பிபின் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தட்டிப் பார்த்தான். அங்கேதான் பிளக் பாயிண்ட்.

“அந்தச் செவருல வேண்டாம்” என்றான் சத்தியதாஸ். “உள்ள, படுக்கிற எடத்துல மாட்டலாம்.”

“உள்ளயா? வாறவங்க போறவங்க காண வேண்டாமா? எனக்க மவள ஒளிச்சா வைக்கிய? இந்த வருஷம் ஸ்டாரும் இல்ல. படத்துக்காவது ஒரு வெளிச்சம் வேணும் மக்களே.”

அப்போது அவன் சொன்னான். புத்தகம் சொன்ன வரிசையிலேயே சொன்னான். செடி, இரவு, இருட்டு, விளக்கு எரியும் அறை. ஒரு பில்லைப் படிக்கிற மாதிரிச் சொல்லி முடித்தான். பிபின் ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

தாசம்மாள் ரெஷ்மாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பம் எனக்க மவ இருந்தது வரைக்கும் இது பூக்காம நின்னது, அவ லைட்டு போட்டதுனால. அவ போனதுனால பூக்குது. அதத்தான சொல்லுதிய?”

அதைத்தான் சொல்லியிருந்தான்.

“புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு மாமி.”

“அந்த புஸ்தகத்த எழுதினவனுக்கு மவ உண்டா?”

வெளியே ஒரு தள்ளுவண்டி போயிற்று. பிறகு அவள் தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“கையில இருக்கணும்னு நான் சொன்னது வெறுதெயாக்கும்” என்றாள். “கேட்டுட்டு நின்னா, பாவம். ஒண்ணுக்கும் ஒதவாத பேச்சு.”

சத்தியதாஸ் ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதுகிறவன் அவனுக்கு மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பார்த்தான். எதையும் அவன் சொல்லவில்லை.

தாசம்மாள் எழுந்தாள். “ஆனாலும் மக்களே, அவளுக்கு சின்னதிலேயே இருட்டுன்னா பயம். மண்ணெண்ணெ வெளக்க எடுத்துட்டா ஊர கூட்டுவா. பூ பூக்கட்டும், பூக்காம போகட்டும். எனக்க பிள்ளைய நான் இருட்டுல விட்டுட்டுப் போகமாட்டேன். பிபினே, அடில ஆணிய.”

ஆணி இறங்கியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. சிவப்பு பல்பு எரிந்தது, படத்தைச் சுற்றிக் குட்டிப் பல்புகள் ஓடத் தொடங்கின. வெளியே இருட்டவில்லை. அதனால் அது எவ்வளவு வெளிச்சம் என்று அப்போது தெரியவில்லை.

அவர்கள் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு. அவர்கள் போனதும் சத்தியதாஸ் பிளக்கைப் பிடுங்குகிறான். முன்னறை மறுபடி இருட்டு. கிறிஸ்துமஸுக்குப் பூ விரிகிறது, இலை தெரியாமல். அவன் தனியாக உட்கார்ந்து பார்க்கிறான். எதிர்ச்சுவரில் இருட்டில் ஒரு படம். இந்த முடிவில் ரெஷ்மா ஜெயிக்கிறாள், அவளை இருட்டில் வைத்து.

இரண்டாவது முடிவு. பல்பு எரிகிறது. ஒரு மொட்டு, பிறகு ஒன்று, பிறகு வரிசையாக. காலையில் ஜன்னல் படியில் சின்னச் சின்ன ரோஸ் கூர்கள். பெருக்கி அள்ளுகிறான். தாசம்மாள் ஜீப்பு பிடித்து வந்து வெறும் பச்சையைப் பார்க்கிறாள். அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை எழுதவேண்டும். இவனால் ஆகாது.

மூன்றாவது முடிவு. அட்டைப்பெட்டி. படத்துக்கு வெளிச்சமும் செடிக்கு இருட்டும். உங்களில் பலர் இதை இரண்டு பக்கம் முன்னாலேயே கண்டுபிடித்து, இந்த ஆளுக்கு ஏன் தோன்றவில்லை என்று கோபப்பட்டிருப்பீர்கள். தோன்றியது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினான். தொட்டி ஜன்னல் படியில், சுவரை ஒட்டி இருக்கிறது. செடி ஜன்னல் கம்பிகளில் சிக்கித் தொங்குகிறது. பெட்டி அதன்மேல் இறங்கவில்லை. தொட்டியை எடுத்துத் தரையில் வைத்தால்தான் மூடலாம். எடுத்தால் இடம் மாற்றுதல். காரணங்களில் இரண்டாவது.

(பெட்டியை வெட்டி ஒட்டி ஏதாவது செய்யலாம். கத்தரிக்கோல் ரெஷ்மாவின் தையல் டப்பாவில் இருக்கிறது. அந்த டப்பாவை இவன் திறக்கவில்லை.)

நாலாவது முடிவு. சீரோ வாட் பல்பு ஒன்றும் செய்வதில்லை. மொட்டு வைத்துவிட்ட செடிக்கு இனி இருட்டும் ஒன்று, வெளிச்சமும் ஒன்று. எல்லாம் வீண்கவலை. பூக்கிறது. இது நடக்கக்கூடியதுதான். எவ்வளவு வெளிச்சம் போதும், மொட்டு எவ்வளவு முற்றினால் தப்பிக்கும் என்று புத்தகத்தில் இல்லை. எழுதுகிறவன் மறுபடி போய்த் தேடினான். அந்தக் குளிர்நாட்டு ஆளுக்கு இப்படி ஒரு கேள்வி வரவில்லை. அவருடைய ஊரில் செத்தவர்கள் படத்துக்குப் பல்பு போடுவதில்லைபோல.

முடிவுகள் தீர்ந்தன. இப்போது இருப்பது இதுதான்: சாயங்காலம். இதை எழுதுகிறவன் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான், ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக. படத்தின் பல்பு எரிகிறது. நேற்று இரவு முழுக்க எரிந்தது. தாளில் சிவப்பு விழுகிறது, அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறான். மொட்டுகளின் மேலும் விழுகிறது. அவை எல்லாம் இருக்கின்றன. தொடாமல் கிட்டப்போய்ப் பார்த்தான். மாடிப்படியில் காலடி கேட்டது. சரஸ்வதியம்மாள் நடையில் நின்று உள்ளே பார்த்தாள்.

“இப்பதான் வீடு வீடாட்டம் இருக்கு” என்றாள்.

அவன் தலையாட்டினான்.

ஸ்விட்ச் எதிர்ச்சுவரில், படத்துக்குக் கீழே, கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்துபோனான். இனி இந்தக் கதையில் எழமாட்டான். நீங்கள் எழுந்து அணைக்கலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியவேண்டும். தாசம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் நேற்று இன்னும் சத்தமாகப் பேசியிருப்பாள். தெரியாமலே சரியாகப் பேசினாள்.

9

ஆஸ்பத்திரியில் சாயங்காலம். ரெஷ்மாவின் கண் மஞ்சளாக இருந்தது. கட்டிலுக்கு மேலே டியூப்லைட் நேராக முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கட்டும் என்று சத்தியதாஸ் எழுந்து ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனான். ஜெபம் இல்லை. அவன் பேர் இல்லை. செடி இல்லை, அம்மா இல்லை. கண்ணைத் திறக்காமல், கரண்ட் பில் பற்றிப் பேசுகிற அதே எரிச்சலோடு சொன்னாள்:

“லைட்ட அணைக்காண்டாம். அது கெடக்கட்டும்.”